குளிர்காய்ந்த குழியில் செடி வைத்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா வாங்கிய பழைய வீட்டோடு ஒரு நெருப்புக்குழியும் சேர்ந்து வந்தது. பின்பக்கத் தோட்டத்தின் நடுவே, முழங்காலுக்கும் கீழே நிற்கும் ஒரு கல் வளையம். முன்பு இருந்தவர்கள் மாலை நேரத்தில் அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்திருப்பார்கள். அக்கா வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. தவிர, வீட்டுச் சுவருக்கும் குழிக்கும் நடுவில் இரண்டே மீட்டர்தான் இருந்தது. மேலே ஒரு மரக்கிளை வேறு. இந்த மாதிரிக் குழியைக் கட்டடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வார்கள். அதனால் இதில் இனி நெருப்பு மூட்டுவதில்லை என்று குடிவந்த அன்றே முடிவாகிவிட்டது.

இடித்து அள்ளிப்போடுவதா, வேறு எதற்காவது வைத்துக்கொள்வதா? இதற்கு நாங்கள் இரண்டு தடவை பதில் சொன்னோம். முதல் தடவை சொன்னது தப்பு. அந்தத் தப்பைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன். "பழைய நெருப்புக்குழியைப் பூந்தொட்டி ஆக்குங்கள், மண்ணை நிரப்பினால் போதும்" என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற இடத்தில்தான் நாங்கள் வழுக்கினோம்.

குழி எப்படி இருந்தது

உள் விட்டம் 1.1 மீட்டர். தரைக்கு மேலே 20 செ.மீ., கீழே 25 செ.மீ., ஆக மொத்த ஆழம் 45 செ.மீ. கணக்குப் போட்டால் கொள்ளளவு சுமார் 430 லிட்டர். பார்வைக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் ஈர மண்ணால் நிரப்பினால் அரை டன்னுக்கு மேல் எடை வரும். வெளிப்பக்கம் கான்கிரீட் கட்டைகள்; உள்பக்கம் மஞ்சள் நிறத் தீச்செங்கல் ஒரு வரிசை; அதற்கும் உள்ளே துருப்பிடித்த ஓர் இரும்பு வளையம். மேலே பொறி பறக்காமல் தடுக்கும் கம்பி வலைக் கூடை, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. ஒரு கம்பித்தட்டும் ஓரத்தில் கிடந்தது.

உள்ளே பாதிக்குப் பாதி சாம்பலும் கரியும். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

முதல் முயற்சி

சாம்பல் செடிக்கு நல்லது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால் அக்கா சாம்பலைக் கொஞ்சம் சமப்படுத்திவிட்டு, அதன் மேலேயே மூட்டை மூட்டையாகத் தொட்டி மண் கலவையைக் கொட்டினாள். பெட்டூனியா நாற்றுகளை வட்டமாக நட்டோம். அரை நாள் வேலை. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். அந்தப் படத்தை இப்போது யாரும் வெளியே எடுப்பதில்லை.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் புது இலைகள் மஞ்சளாக வர ஆரம்பித்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக, நடுவில் எல்லாம் வெளுத்து. இதில் கவனிக்க வேண்டியது, புது இலையா பழைய இலையா என்பது. தழைச்சத்து குறைந்தால் கீழே இருக்கும் பழைய இலைகள்தான் முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி அங்கிருந்து சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்பும். இரும்புச்சத்தை அப்படி உருவி அனுப்ப முடியாது. அது குறைந்தால் அடி குருத்தில் விழும். எங்கள் செடியில் குருத்துதான் வெளுத்திருந்தது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை கூடினால் இரும்பு கரையாமல் உறைந்துவிடும், வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டூனியா இந்த விஷயத்தில் ரொம்பவே தொட்டாற்சிணுங்கி.

அக்காவுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. சத்து போதவில்லை என்று உரம் போட்டாள். பிறகு மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் அக்கா மகன் ஜன்னலில் இருந்து கூப்பிட்டான்.

"சித்தி, இது இப்போ குளமா?"

குளம்தான். மண்ணுக்கு மேலே நான்கு விரல்கடை தண்ணீர் நின்றது, செடிகள் கழுத்தளவு மூழ்கியிருந்தன. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம், இறங்கவே இல்லை. ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளிய ஆரம்பித்தது. முட்டையில் இருந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும் என்பதால் அதற்கு மேல் வேடிக்கை பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கினோம். வேர்கள் பழுப்பாகி, கையில் எடுத்தால் வழுவழுவென்று உரிந்தன. அழுகல் நாற்றம் வேறு.

தோண்டியபோது தெரிந்தவை

மண்ணை அள்ளி முடித்து அடிச் சேற்றில் அமிலமா காரமா என்று எண்ணில் காட்டும் பிஎச் தாள் ஒன்றை நனைத்துப் பார்த்தோம். 9-க்கும் மேலே காட்டியது. பெரும்பாலான தோட்டச் செடிகள் 6-க்கும் 7-க்கும் நடுவில் சுகமாக இருக்கும். மேல் மண்ணே 7.5 வரை ஏறியிருந்தது.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்று பிறகு புரிந்தது. மரச்சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைப் பானையில் வற்றக் காய்ச்சி எடுத்த உப்புக்குத்தான் ஐரோப்பாவில் 'பானைச் சாம்பல்' என்ற பொருளில் பொட்டாஷ் என்று பெயர் வைத்தார்கள். 1807-ல் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய காரப் பொட்டாஷில் மின்சாரம் செலுத்தி ஒரு புதுத் தனிமத்தைப் பிரித்து, அதற்குப் பொட்டாசியம் என்று பெயரிட்டார். பழைய காலத்தில் சோப்பு காய்ச்சியதும் அந்தச் சாம்பல் நீரில்தான். எங்கள் குழியின் அடியில் தேங்கி நின்றது அதன் நீர்த்த வடிவம். நாங்கள் பெட்டூனியாவைச் சோப்புக் காய்ச்சும் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தோம்.

சாம்பல் கெட்டது என்று சொல்ல வரவில்லை. சுத்தமான மரத்தின் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் நிறைய உண்டு. அமில மண்ணுக்கு மருந்து மாதிரி. ஆனால் அளவு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிராம் அளவில்தான். கைப்பிடி இரண்டு, அவ்வளவே. எங்கள் குழியில் வாளிக் கணக்கில் கிடந்தது.

அடுத்து நடந்ததுதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. சாம்பலை நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வாளியில் அள்ளினோம் (உலர்ந்த சாம்பலைக் கிளறினால் தொண்டை எரியும், ஈரக்கையில் பட்டால் தோலே எரியும்). ஒரு காந்தத்தை உள்ளே விட்டு இழுத்தேன். ஆணிகள், திருகுகள், ஒரு கீல், பெரிய பின்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தன. முன்பு இருந்தவர்கள் விறகு மட்டும் எரிக்கவில்லை. பழைய மரச்சாமான், வேலி, பலகை எல்லாம் இந்தக் குழியில்தான் போயிருக்கிறது.

வெளியில் வைக்கும் மரம் உளுத்துப்போகாமல் இருக்க முன்பெல்லாம் செம்பு, குரோமியம், கடும் நஞ்சான ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தம் கொடுத்து ஏற்றுவார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு இதை ஏற்றுவது 2003 முடிவோடு நின்றது. ஆனால் அதற்கு முன் போட்ட வேலிகள் இன்னும் எத்தனையோ தோட்டங்களில் நிற்கின்றன. மரம் எரிந்தால் அதிலுள்ள கரிமம்தான் காற்றில் போகும். ஆர்சனிக்கில் பெரும்பகுதி சாம்பலிலேயே தங்கி, அடர்த்தி கூடிவிடும். பழைய பெயின்ட் பூச்சில் ஈயம் இருந்தால் அதுவும் அப்படியே. சாம்பலைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பார்வைக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். ஆணி கிடைத்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு பிடி சாம்பலைக்கூடத் தோட்டத்தில் போடவில்லை. அதன் மேல் நாங்கள் கொட்டிய மண்ணையும் சேர்த்தே இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தோம். அக்காவுக்கு அத்தனை மூட்டை மண்ணும் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. "அலசிட்டுப் போட்டுக்கலாமே" என்றாள். எதை அலசுவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

தண்ணீர் ஏன் இறங்கவில்லை

சாம்பல் போன பிறகு அடித்தளம் தெரிந்தது. கட்டியவர் குழியின் அடியில் 8 செ.மீ. தடிமனுக்குக் கான்கிரீட் போட்டிருந்தார், ஓர் ஓட்டைகூட வைக்காமல். நெருப்புக்கு அது பரவாயில்லை. செடிக்கு அது மூடிய பாத்திரம்.

முதலில் சோம்பேறி வழியைப் பார்த்தோம். ட்ரில்லால் 12 மி.மீ. துளைகள் எட்டுப் போட்டு, 20 லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். இந்த விட்டத்துக்கு அது 2 செ.மீ. உயரம் நிற்கும். மறுநாள் காலையிலும் நின்றது. துளை சரி, துளைக்குக் கீழே இருந்த மண் கல்லாக இறுகியிருந்தது.

சரி என்று சுத்தியலும் உளியும் எடுத்து நடுவில் 40 செ.மீ. சதுரத்துக்குத் தளத்தையே உடைத்தோம். அதன் கீழே இன்னும் ஒரு முழங்கை ஆழம் கடப்பாரையால் இளக்கினோம். இப்போது ஊற்றிய தண்ணீர் மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியது. இந்த வேகம் போதும். முதலில் ஒரு தடவை ஊற்றி மண்ணை நன்றாக ஊறவிட்டு, இரண்டாவது தடவை ஊற்றும்போதுதான் நேரம் பார்க்க வேண்டும். உலர்ந்த மண் முதல் வாளியை மடமடவென்று குடித்து நம்மை ஏமாற்றிவிடும். எங்கள் குழி குழாயில் எரிவாயு வரும் வகை இல்லை. அப்படி இருந்திருந்தால் உளியைத் தொடுவதற்கு முன்பே குழாயை முறையாக மூட ஆள் கூப்பிட்டிருப்போம்.

இங்கே ஒரு வாக்குவாதம். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று அக்கா உறுதியாக நின்றாள். தொட்டி வைப்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். நான் சமையலறையில் இருந்து பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் பஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கி, படுக்கைவசமாகப் பிடித்தேன். சொட்டிச் சொட்டி நின்றுவிட்டது. அதே பஞ்சை அப்படியே நட்டமாகத் திருப்பினேன். பிழியவே இல்லை, மறுபடி தண்ணீர் கொட்டியது.

பஞ்சின் அடியில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் தங்கி நிற்கும். பஞ்சின் உயரம் கூடும்போதுதான் மேலிருக்கும் எடை அதில் ஒரு பங்கை வெளியே தள்ளும். மண்ணும் அப்படித்தான். நுண்ணிய துளைகள் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர், கீழே ஜல்லியின் பெரிய இடைவெளியைக் கண்டதும் உடனே குதித்துவிடாது. ஜல்லியை ஒட்டிய மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டும். ஆக ஜல்லி போட்டால் அந்தச் சதசத அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வரும். மண் கீழே இருக்கும் மண்ணோடு நேராகத் தொட்டுக்கொண்டு இருப்பதே நல்லது. ஜல்லி போடவில்லை. அக்கா இன்றைக்கும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

தள்ளிவிட்ட யோசனைகள்

மண் காலியான இரண்டு வாரம் குழி சும்மா கிடந்தது. அப்போது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

பையனுக்குக் குளம்தான் வேண்டும். தண்ணீர் கசியாமல் அடியில் போடும் விரிப்புக்குக் கணக்குக்கூடப் போட்டோம்: விட்டம் 1.1, ஆழத்தில் இரு மடங்கு 0.9, இருபுறமும் ஓரத்துக்கு 0.3, ஆக 2.6 மீட்டர் சதுரம். செய்யக்கூடியதுதான். ஆனால் 430 லிட்டர் என்பது குளத்துக்கு ரொம்பக் குறைவு. வெயிலில் சட்டென்று சூடேறும், பாசி பிடிக்கும். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டில் தவழ்ந்து நடக்கும் குழந்தை ஒன்று உண்டு. சின்னக் குழந்தை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மணல் நிரப்பிக் குழந்தைகள் விளையாட விடலாம் என்பது இன்னொன்று. விளிம்புக் கல் கூர்மை, பூனை வரும், மூடி வேண்டும். இவை எல்லாவற்றையும் சமாளிக்கலாம். ஆணி கிடைத்த குழியில் ஒரு குழந்தையை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வட்டப் பலகை செய்து மேலே போட்டு மேஜையாக்குவதுதான் உண்மையில் எல்லாவற்றிலும் எளிது. நல்ல நிழல், நல்ல வளையம், சுத்தமான சாம்பல் என்று ஒரு குழி கிடைத்தால் நான் அதைத்தான் சொல்வேன். பிற்பாடு மனம் மாறினால் பலகையைத் தூக்கினால் குழி திரும்பி வந்துவிடும். எங்கள் குழிக்கு ஒரு நாளில் ஏழு மணி நேர வெயில். அந்த வெயிலைப் பலகைக்குக் கொடுப்பது வீண்.

இரண்டாவது தடவை

முதலில் வளையத்தின் உடம்பைப் பார்த்தோம். சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டினேன். நல்ல கட்டை 'டங்' என்று சொல்லும்; உள்ளே விரிசல் விட்டது 'டொக்' என்று சொல்லும். வெளி வரிசையில் ஐந்து கட்டைகள் டொக். கான்கிரீட் திரும்பத் திரும்பச் சூடேறினால் உள்ளே கட்டிப்போட்டிருக்கும் ஈரம் வெளியேறி, மாவாகத் தளர்ந்துவிடும். அதில் ஒன்று கையில் எடுக்கும்போதே இரண்டானது. அந்த ஐந்தையும் மாற்றினோம். அரை டன் ஈர மண் உள்ளிருந்து தள்ளும்போது அங்கேதான் பிய்த்துக்கொண்டிருக்கும். தீச்செங்கல் ஒன்றுகூடக் கெடவில்லை. அதற்கென்றே செய்தது அல்லவா. இருந்தாலும் உள்பக்கம் புகையும் சாம்பலும் ஊறியிருந்ததால் அந்த வரிசை முழுவதையும் கழற்றிவிட்டோம். இரும்பு வளையமும் வெளியே போனது.

நடுவில் கம்பி வலையைச் சுருட்டி, 30 செ.மீ. விட்டத்தில் ஒரு கூடை. மண்ணுக்கு மேலே இரண்டு சாண் நீட்டி நிற்கும். சமையலறைக் காய்த்தோல், உலர்ந்த இலை, அட்டைத் துண்டு எல்லாம் அதற்குள். தண்ணீரையும் பெரும்பாலும் அதிலேயே ஊற்றுகிறோம். மட்கின் சத்தை எடுத்துக்கொண்டு சுற்றிலும் மண்ணுக்குள் பரவுகிறது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஆப்பிரிக்காவில் லெசோத்தோ நாட்டில் பரவலான சாவித்துவாரத் தோட்டத்தின் உருவம் இதுதான். அங்கே பாத்தி 2 மீட்டர் அகலம் இருக்கும், நடுக்கூடையை எட்டுவதற்காக ஒரு பக்கம் வெட்டி வழி விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் சாவித்துவாரம் மாதிரி இருக்கும். எங்கள் வளையத்தில் வெளியே நின்றபடியே நடுவுக்குக் கை எட்டும். ஆகவே வெட்டும் வேலை மிச்சம். நெருப்புக்குழியின் வட்டம் இதற்கென்றே அளந்து கட்டினது போல அமைந்துவிட்டது.

புது மண்ணைக் கூடை ஓரம் கொஞ்சம் உயர்த்தி, விளிம்பு நோக்கிச் சரித்தோம். கல் வளையம் வெயிலில் சூடேறி ஓர மண்ணை முதலில் காயவைக்கும். அதனால் ஓரத்தில் தைம், ஆரிகானோ, ரோஸ்மேரி. மண் காய்வதைத் தாங்குபவை, கொஞ்சம் காரமான மண்ணிலும் முகம் சுளிக்காதவை. கூடையை ஒட்டி, ஈரம் நிற்கும் இடத்தில், லெட்டூஸ். புதினாவை மட்டும் தொட்டியோடு சேர்த்துப் புதைத்தோம், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் வளையம் முழுக்கப் புதினாதான் இருக்கும்.

கழற்றிய பொருள்களில் எனக்குப் பிடித்தது பொறித்தடுப்பு வலைக்கூடை. லெட்டூஸ் விதை முளைவிடும் நேரத்தில் அதை அப்படியே கவிழ்த்து வைத்தால் பறவையும் கிட்டே வராது, பூனையும் கிளறாது. இதற்கென்று கடையில் விற்கும் எதுவும் இவ்வளவு கச்சிதமாக இருக்காது. கம்பித்தட்டைச் சுவரோரம் நிறுத்தி அவரைக் கொடி ஏற்றினோம். இரும்பு வளையம் பழைய இரும்புக்குப் போனது.

ஓராண்டில்

மண் 45 செ.மீ.-ல் இருந்து 38-க்கு இறங்கியது. மட்கு அதிகம் கலந்த மண் இறங்கத்தான் செய்யும். கூடைக்குள் முதிர்ந்ததை அள்ளி மேலே பரப்பினோம். ஒரு நீண்ட மழையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. பிஎச் 7-ஐ ஒட்டியே இருக்கிறது. ரோஸ்மேரி ஒன்று செத்தது. அது கூடைக்கு ரொம்பப் பக்கத்தில் நட்ட தவறு, என்னுடையது.

தீராத விஷயம் ஒன்று குழிக்கு வெளியே இருக்கிறது. மழை ஓய்ந்த ஒரு நாள் பையன் வளையத்துக்கு அந்தப் பக்கம், வேலியோரம், தரையில் இருந்து ஓர் ஆணியை எடுத்து வந்தான். அடுத்த வாரம் இன்னொன்று. முன்பு இருந்தவர்கள் குழி நிறையும்போதெல்லாம் சாம்பலை அள்ளி அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். அந்த இடத்து மண்ணையும் குழிக்குள்ளிருந்து ஒரு பிடியையும் தனித்தனியாகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். குழி மண்ணில் பிரச்சினை இல்லை. வேலியோர மண்ணில் ஆர்சனிக் தோட்ட மண்ணுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம். அவரைக் கொடியின் கம்பித்தட்டு அங்கிருந்து இரண்டடியில்தான் நின்றது. அதை அன்றே எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம். வேலியோரத்தில் விரிப்பு போட்டு மேலே மரச்செதில் பரப்பியிருக்கிறது. மேல் மண்ணை எவ்வளவு ஆழத்துக்கு எடுக்க வேண்டும் என்று பார்க்க, ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்திலும் மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறோம்.